விரிந்தும் கலையாத ஒளி: டேப்பர் லேசரைக் கணினியில் கட்டிப் பார்ப்பது

அரிசிமணியை விடச் சிறிய ஒரு சில்லு. நீளம் 4 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர், தடிமன் இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்தாற்போல இருக்கும். அதற்குள் 12 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு முனையிலிருந்து 10 வாட் அகச்சிவப்பு ஒளி கிளம்பும். இன்னொரு 10 வாட் வெப்பமாகி அந்தச் சில்லுக்குள்ளேயே இறங்கும். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு வாங்குகிற மின்சாரமே 9 வாட்தான். அதிலும் ஒரு பங்குதான் ஒளியாகிறது, அதுவும் அறை முழுக்கச் சிதறிப் போகிறது. இங்கே 10 வாட்டும் ஒரே திசையில் வருகிறது. நல்ல லென்ஸ் வைத்தால் இயற்பியல் அனுமதிக்கும் மிகச் சிறிய புள்ளிக்குப் பக்கத்தில் அதைக் குவித்துவிடலாம். ஒடுங்கித் தொடங்கி விரிந்துகொண்டே போகும் ஒளிப்பாதை உள்ள இதைத்தான் டேப்பர் லேசர் என்கிறார்கள்.

இந்தச் சில்லைச் செய்து பார்ப்பது லேசான வேலையில்லை. காலியம் ஆர்சனைடு தகட்டின் மேல் அணு அடுக்குகளாகப் படலம் வளர்த்து, செதுக்கி, உலோகம் பூசி, பிளந்து, முகப்புகளுக்குப் பூச்சு கொடுத்து, செம்பு கலந்த தாங்கியில் பற்றவைத்து அளந்து பார்ப்பதற்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். அதனால்தான் முதலில் கணினியில் கட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே ஏமாற்றும், எதற்கு உண்மையில் உதவும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன். லேசர் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் "தூண்டப்பட்ட உமிழ்வு" என்ற இடத்தோடு நின்றுவிடுகின்றன. சுவாரசியமான சிக்கல்கள் அதற்கு அப்புறம்தான் தொடங்குகின்றன.

இந்த வடிவம் எதற்கு?

1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் ஒளிரவைத்த முதல் லேசர் டயோடு, திரவ நைட்ரஜன் குளிரில், அதுவும் விட்டு விட்டுத்தான் வேலை செய்தது. அறை வெப்பநிலையில் விடாமல் எரியும் டயோடு 1970-இல் வந்தது. லெனின்கிராடில் அல்ஃபெரோவ் குழுவும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பானிஷும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைச் சாதித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இன்னும் எவ்வளவு ஒளியை இதிலிருந்து எடுக்கலாம்?

தடையாக நிற்பது முகப்பு. ஒளி வெளியே வரும் அந்தக் கண்ணாடி போன்ற விளிம்பைத்தான் சொல்கிறேன். சுத்தமான, ஒற்றை மோடு ஒளி, அதாவது ஒரே ஒரு அலை வடிவத்தில் ஓடும் ஒளி வேண்டுமென்றால் ஒளி ஓடும் பாதை 3 மைக்ரான் அகலத்துக்குள் இருக்க வேண்டும். உயரம் ஒரு மைக்ரான்தான். அந்தச் சன்னல் வழியாக ஒரே ஒரு வாட் போனால்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 33 மெகாவாட் என்ற கணக்கு வரும். முகப்பில் உள்ள சிறு குறைகள் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். உறிஞ்சிய இடம் சூடாகும். சூடான இடம் இன்னும் அதிகமாக உறிஞ்சும். கண்ணிமைக்கும் நேரத்தில் முகப்பு உருகிப் பொசுங்கிவிடும். சரி, பாதையை 100 மைக்ரான் அகலமாக்கிவிட்டால்? முகப்பு தப்பித்துவிடும், ஆனால் அகலமான பாதையில் பல மோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வருகிற ஒளியை நுண்புள்ளியாகக் குவிக்கவே முடியாது. உலோகத் தகட்டைப் பற்றவைக்க அந்த ஒளி போதும். அணுவைக் குளிர்விக்கவோ, ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கிப் பச்சை லேசர் செய்யவோ போதாது.

டேப்பர் வடிவம் இந்த இரண்டு தேவைகளையும் ஒரே சில்லில் அடுத்தடுத்து வைக்கிறது. பின்பாதியில் வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும் ஒரு ஒடுங்கிய பாதை. ஆங்கிலத்திலும் அதை வரப்பு என்றுதான் சொல்கிறார்கள்: ரிட்ஜ். அது ஒரே ஒரு மோடை மட்டும் வடிகட்டிக் கொடுக்கும். முன்பாதி நாகஸ்வரத்தின் அணசு போல விரிந்துகொண்டே போகும். அங்கே ஒளியை இரு பக்கச் சுவர்கள் பிடித்து நடத்துவதில்லை. வரப்பின் வாயிலிருந்து வெளிவந்த ஒளி தன் இயல்பான விளிம்பு விளைவால் தானாகவே விரிகிறது. மின்னோட்டம் பாயும் பகுதியை அந்த விரிவுக்கு ஏற்ற முக்கோணமாக வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த முக்கோணத்தின் கோணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 980 நானோமீட்டர் ஒளி, ஒளிவிலகல் எண் 3.3 உள்ள பொருளுக்குள், 4 மைக்ரான் அகலமுள்ள வாயிலிருந்து கிளம்புகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான்: அலைநீளத்தை π, ஒளிவிலகல் எண், கற்றையின் அரை அகலம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் 0.047 ரேடியன் வரும். அதாவது ஒரு பக்கத்துக்கு 2.7 டிகிரி, இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தரை டிகிரி. நடைமுறையில் டேப்பர்கள் 4 முதல் 6 டிகிரிக்குள் இருப்பது இதனால்தான். 6 டிகிரியில் 2.5 மில்லிமீட்டர் ஓடினால் முகப்பில் அகலம் ஏறத்தாழ 260 மைக்ரான். இப்போது 10 வாட் போனாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 மெகாவாட்தான். முகப்பு தாங்கிக்கொள்ளும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் இந்த வடிவம் வாட் கணக்கில் ஒளி தந்தது. 2008-இல் பெர்லினின் ஃபெர்டினாண்ட் பிரவுன் நிறுவனம் 980 நானோமீட்டரில், ஒற்றை அலைநீளத்தில், 12 வாட் தரும் டேப்பர் லேசரைக் காட்டியது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 'பிரைட்டர்' என்ற கூட்டுத் திட்டத்தையே நடத்தின. பெர்லின் ஆய்வகத்தில் வளர்த்த சில்லை நாட்டிங்ஹாமிலும் மாட்ரிட்டிலும் கணக்குப் போட்டவர்கள் இந்தத் துறையின் கணினி மாதிரிகளுக்கு நிறையச் செய்திருக்கிறார்கள்.

எங்கே கலைகிறது?

தாளில் பார்த்தால் டேப்பர் குறையே இல்லாதது. நடப்பில், மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற, அதுவரை ஒரே மேடாக இருந்த கற்றை பக்கவாட்டில் குட்டி மேடுகள் போடும், நடுவில் பிளக்கும், சில சமயம் ஒரு பக்கமாகச் சாயும். காரணம் ஒன்றல்ல, மூன்று. மூன்றும் ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

முதலாவது எலக்ட்ரான்–துளை ஜோடிகள்: மின்னோட்டம் உள்ளே கொண்டுவரும் எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத காலியிடமான துளையும். ஒளி பெருக வேண்டுமென்றால் இந்த ஜோடிகளைச் செலவழிக்க வேண்டும். கற்றையின் நடுவில் ஒளி அதிகம், அங்கே ஜோடிகள் வேகமாகக் கரையும். ஜோடிகள் குறைந்த இடத்தில் ஒளிவிலகல் எண் ஏறும். ஒளிவிலகல் எண் ஏறிய இடம் லென்ஸ் மாதிரி ஒளியைத் தன் பக்கம் இழுக்கும். இழுக்க இழுக்க அங்கே ஒளி இன்னும் கூடும், ஜோடிகள் இன்னும் கரையும். இந்தச் சுழல் முற்றினால் ஒளி மெல்லிய இழைகளாகப் பிரிந்துவிடும். பெருக்கம் மாறும்போது ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஹென்றி 1982-இல், லேசர் ஒளியின் நிற அகலம் எதிர்பார்த்ததைவிட ஏன் அதிகம் என்று விளக்கும்போது இதை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஜோடிகளைச் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அடைத்துவைக்கும் குவாண்டம் கிணறு லேசர்களில் ஆல்ஃபா 2, 3 அளவில் இருக்கும்.

இதன் வலிமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். கற்றையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பெருக்கத்தில் சென்டிமீட்டருக்கு 10 என்ற வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 மில்லிமீட்டர் ஓடி முடிக்கையில் அது 2.5 ஆகும். ஆல்ஃபா 2.5 என்றால், அதில் பாதியால் பெருக்க, நடு அலைக்கும் ஓர அலைக்கும் 3.1 ரேடியன் வேறுபாடு, அதாவது அரை அலைநீளம். நல்ல ஒளியியல் கருவிகளில் கால் அலைநீளப் பிசகையே அதிகம் என்பார்கள்.

இரண்டாவது வெப்பம். இதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 10 வாட் வெப்பம் இறங்கும் முக்கோணத்தின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கீழே எவ்வளவு நல்ல செம்பு வைத்தாலும் முக்கோணத்தின் நடு, ஓரத்தைவிடச் சில டிகிரி சூடாகத்தான் இருக்கும். 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00025 ஏறும் என்பதால், நடுவில் 0.00125 கூடுகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் 2.5 மில்லிமீட்டர் நீளத்தில் அது மூன்று முழு அலைநீளங்களுக்கு மேல் பின்னடைவு. ஜோடிகள் செய்த அரை அலைநீளத்தை விட ஆறு மடங்கு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பின்னடைவு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீரான பரவளையமாக இறங்கினால் அது வெறும் லென்ஸ்தான். ஒளி கிளம்புவதாகத் தோன்றும் புள்ளி உள்ளே தள்ளிப் போகும் அல்லது முன்னே வரும். வெளியே உள்ள உருளை லென்ஸை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். டேப்பர் லேசரோடு வேலை செய்கிறவர்கள் மின்னோட்டத்தை மாற்றும்போதெல்லாம் லென்ஸை மறுபடி சீர்செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். பரவளையத்திலிருந்து விலகும் பகுதி எவ்வளவோ, அதுதான் கற்றையை உண்மையில் கெடுக்கிறது. ஆகவே சில்லு எத்தனை டிகிரி சூடானது என்று மட்டும் சொல்லும் வெப்பக் கணக்கு போதாது. அந்தச் சூடு எந்த வளைவில் இறங்குகிறது என்றும் அது சொல்ல வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வரும் ஒளி. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

முழுச் சமன்பாட்டையும் ஏன் தீர்க்கக் கூடாது?

ஒளியின் போக்கைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் தெரியும், கணினிகள் பெரியவை, அப்படியே தீர்த்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பார்ப்போம். பொருளுக்குள் அலைநீளம் 0.3 மைக்ரான். அதை ஒழுங்காகப் பிடிக்க 0.02 மைக்ரான் கட்டம் வேண்டும். 4 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், 5 மைக்ரான் உயரம். கட்டங்களின் எண்ணிக்கை 1.25 லட்சம் கோடி வருகிறது. நேரமும் ஒரு ஃபெம்டோ விநாடியின் பத்தில் ஒரு பங்காக நகர வேண்டும். எலக்ட்ரான்கள் ஒரு நிலைக்கு வரப் பத்து நானோ விநாடி என்றால் பத்துக் கோடி அடிகள். வெப்பம் நிலைபெற அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நேரம். நடக்கிற காரியமில்லை.

அதனால் எதை விடலாம் என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையின் கலை முழுக்க இந்த விடுதலில்தான் இருக்கிறது.

உயரத் திசையில் ஒளியின் வடிவம் படலங்களால் கட்டப்பட்டது, பெரிதாக மாறாது. அதை ஒருமுறை கணக்கிட்டு, அந்தப் படலக் கட்டு முழுவதற்கும் ஒரே ஒரு பயனுறு ஒளிவிலகல் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒரு பரிமாணம் போய்விடும். அடுத்து, ஒளி பெரும்பாலும் முன்னும் பின்னும்தான் ஓடுகிறது, பக்கவாட்டில் மூன்று டிகிரிக்குள். அந்த வேகமான முன்னோட்ட அலையைக் கழித்துவிட்டு, மெல்ல மாறும் உறையை, அதாவது அலையின் வெளி வடிவத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். அப்போது 5 மைக்ரான் அடியாக முன்னே நகரலாம், பக்கவாட்டில் அரை மைக்ரான் கட்டம் போதும். 1.25 லட்சம் கோடி எட்டு லட்சமாகச் சுருங்கிவிட்டது. மடிக்கணினி தாங்கும்.

இப்படித் துண்டு துண்டாக ஒளியை முன்னே நகர்த்தும் முறைக்குக் கற்றை பரவல் முறை என்று பெயர், சுருக்கமாக பி.பி.எம். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஃப்ளெக், ஃபைட் ஆகியோர் 1970-களில் இதை வளர்த்தெடுத்தார்கள். முதலில் காற்று மண்டலத்தில் பெரிய லேசர் கற்றை எப்படிக் கலைகிறது என்று பார்க்கவும், 1978-இல் ஒளியிழைகளுக்காகவும் பயன்பட்டது. வானத்தில் கற்றையைக் கலைக்கும் வெப்ப லென்ஸும் நம் சில்லுக்குள் கலைக்கும் வெப்ப லென்ஸும் ஒரே சமன்பாட்டில் அடங்குவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஒளியைப் பெரிதாக்க மட்டும் செய்யும் பெருக்கி என்றால் ஒரு வழிப் பயணம் போதும். லேசர் என்றால் ஒளி முன்னும் பின்னும் ஓட வேண்டும். 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஃபாக்ஸும் டிங்யே லீயும் காட்டிய வழி இங்கே கைகொடுக்கிறது: ஏதோ ஒரு அலையில் தொடங்கு, முகப்புக்குப் போ, பிரதிபலி, திரும்பி வா, மறுபடி போ. சுற்றுக்குச் சுற்று அலை தன் வடிவத்தை மாற்றாமல் நின்றுவிட்டால் அதுதான் லேசரின் மோடு. டேப்பர் லேசரில் இதோடு இன்னும் பல கணக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது, ஜோடிகள் எங்கே சேருகின்றன, எங்கே விரவுகின்றன, எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, வெப்பநிலை எப்படி அமைகிறது, அதனால் பெருக்கமும் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு மாறின என்று கணக்கிட்டு, மாறிய பொருளில் மறுபடி ஒளியை ஓட்ட வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

திரைக்கு வெளியே போன ஒளி

நான் முதன்முதலில் எழுதிய சிறிய பி.பி.எம். நிரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மின்னோட்டம் குறைவாக இருந்தவரை கற்றை அழகாக விரிந்தது. கொஞ்சம் ஏற்றியதும் ஓரங்களில் மெல்லிய வரிவரியான இழைகள். படித்த பாடங்களில் இருந்த ஃபிலமென்ட் படங்களைப் போலவே இருந்தன. இரண்டு வாரம் அவற்றை உண்மை என்று நம்பி, ஆல்ஃபாவை மாற்றி மாற்றி ஓட்டி, குறிப்பெல்லாம் எழுதிவைத்தேன். அப்புறம் ஒரு நாள் ஆல்ஃபாவைப் பூச்சியமாக வைத்து ஓட்டினேன். இழைகள் அப்படியே இருந்தன.

காரணம் மிக எளியது. பக்கவாட்டு நகர்வை, அலையை எளிய அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்தால் கணக்கிட்டிருந்தேன். அந்தக் கணக்கில் வலது ஓரத்தைத் தாண்டும் ஒளி மறைவதில்லை, இடது ஓரம் வழியாக உள்ளே வந்துவிடும். முக்கோணத்துக்கு வெளியே தப்பிய ஒளி சுற்றி வந்து நல்ல கற்றையோடு குறுக்கிட்டு வரிகள் போட்டிருக்கிறது. ஓரங்களில் ஒளியை மெல்ல உறிஞ்சும் ஒரு பட்டையை வைத்ததும் எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எந்தப் புதிய விளைவு தெரிந்தாலும், அதை உண்டாக்குவதாக நான் நினைக்கும் காரணத்தை முதலில் அணைத்துப் பார்ப்பேன். அணைத்தும் விளைவு நின்றால், அதைப் பெற்றது என் கணக்கு, லேசரில்லை.

சில்லுக்குள்ளும் இதே போன்ற ஒன்று உண்மையாகவே நடக்கிறது. அதுதான் மேலே விட்டுவைத்த மூன்றாவது காரணம். முகப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவான பிரதிபலிப்புதான் வைப்பார்கள். அந்தத் துளி ஒளி திரும்பி ஓடும்போது குவிவதில்லை. தட்டையான முகப்பு அதை வந்த விரிவோடேயே திருப்பி அனுப்புகிறது, அது பின்னே போகப் போக மேலும் விரிகிறது. வரப்பின் வாய்க்கு வரும்போது அதன் அகலம் அரை மில்லிமீட்டர், வாயோ 4 மைக்ரான். அலைகளின் பொருத்தத்தைக் கணக்கிட்டால் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் உள்ளே நுழையும். மீதி என்ன ஆகும்? பெருகிக்கொண்டே பின்னே போய் வரப்பின் இரு பக்கமும் உள்ள பொருளில் பாயும். அங்கே உறிஞ்சப்பட்டு, அந்தப் பொருளை வெளுக்கச் செய்து, வரப்பு பிடித்து வைத்திருந்த ஒற்றை மோடைக் கலைக்கும். வரப்பின் இரு பக்கமும் சாய்வான பள்ளங்களைச் செதுக்கி இந்த ஒளியைச் சிதறடிக்கிறார்கள். பீம் ஸ்பாய்லர் என்று பெயர். முன்னோக்கிப் போகும் ஒளியை மட்டும் கணக்கிடும் மாதிரியில் இந்தப் பள்ளங்களுக்கு வேலையே இருக்காது. தான் விட்டுவிட்டது என்ன என்பதை எந்தக் கணினி மாதிரியும் தானாகக் காட்டிக்கொடுக்காது.

கணக்கு நிலைக்கு வராதபோது

மின்னோட்டம் கூடினால் மேலே சொன்ன சுற்று ஒரு கட்டத்தில் அடங்காது. ஒரு சுற்றில் கற்றை வலப்பக்கம் சாயும், அடுத்ததில் இடப்பக்கம். புதிதாக வருகிறவர்கள் நிரலில் பிழை என்று நினைத்து, சுற்றுக்குச் சுற்று மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எப்படியாவது அடக்கப் பார்ப்பார்கள். சில சமயம் அது சரி. ஆனால் அந்த மின்னோட்டத்தில் லேசருக்கே நிலையான ஒரு மோடு இல்லாமல் போயிருக்கலாம். நிலையான விடையைத் தேடும் முறை, அப்படி ஒன்று இல்லை என்பதைச் சொல்ல அறியாது. அலைபாய்ந்துகொண்டே இருக்கும்.

அப்போது நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெர்லினில் உள்ள வைர்ஸ்ட்ராஸ் நிறுவனம் இதற்கென்றே பி.ஏ. லேசர் என்ற மென்பொருளை வளர்த்திருக்கிறது. முன்னும் பின்னும் ஓடும் இரு அலைகளை, நீளம், அகலம், நேரம் மூன்றிலும் ஒருசேர நகர்த்தும் மாதிரி அது. 5 மைக்ரான் கட்டத்துக்கு ஒளி கடக்கும் நேரம் 60 ஃபெம்டோ விநாடி. பத்து நானோ விநாடிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் அடிகள், ஒவ்வொரு அடியிலும் எட்டு லட்சம் புள்ளிகள். பல செயலிகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வெப்பம் இந்த வேகத்தில் நகராது என்பதால் அதைத் தனியே தீர்த்து, சராசரி வெப்பநிலையாக உள்ளே கொடுப்பார்கள். இன்னும் ஆழமாகப் போய், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதிலிருந்தே பெருக்கத்தைக் கணக்கிடும் நுண்மாதிரிகளும் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெரோம் மொலோனி குழு செய்தது இதில் முக்கியமானது.

அளவையோடு பொருத்துவது

மாதிரிக்கு முப்பது, நாற்பது எண்கள் கொடுக்க வேண்டியிருக்கும். படலத் தடிமன், முகப்பின் பிரதிபலிப்பு போன்றவை தெரிந்தவை. உள்ளிழப்பு, ஜோடிகள் வீணாகும் வேகம், ஆல்ஃபா, தாங்கியோடு ஒட்டும் இடத்தின் வெப்பத்தடை ஆகியவை அப்படியில்லை. இவற்றை நேரடியாக டேப்பரிலிருந்து எடுக்கப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் எதோடும் பொருத்திவிடலாம். அதனால் அதே தகட்டிலிருந்து, வெவ்வேறு நீளத்தில், அகலமான எளிய லேசர்களை வெட்டி அளந்து உள்ளிழப்பையும் பெருக்கத்தையும் முதலில் பிடித்துவிடுவார்கள். அந்த எண்களை மாற்றாமல் டேப்பருக்குப் போவதுதான் நேர்மையான வழி. டேப்பரின் வளைவு பொருந்தவில்லை என்றால், கணினி மாதிரி எதையோ விட்டிருக்கிறது என்பதற்கான தடயம் அது. எண்ணைத் திருகி அந்தத் தடயத்தை அழித்துவிடக் கூடாது.

கற்றையின் தரத்தைச் சொல்லும் எம்-ஸ்குவேர் என்ற எண்ணிலும் கவனம் வேண்டும். 1 என்றால் இயற்பியலின் எல்லை. ஆனால் அதை இரண்டு விதமாக அளக்கலாம். கற்றையின் நடு மேட்டில் ஒளி உச்சத்தின் ஏழில் ஒரு பங்காகக் குறையும் இடத்தை அகலமாக வைத்துக்கொண்டால், பக்கத்துக் குட்டி மேடுகள் கணக்குக்கே வராது, 1.2 என்று மகிழ்ச்சியாக எழுதலாம். மொத்த ஒளியின் பரவலை வைத்து இரண்டாம் வரிசைச் சராசரியால் அளந்தால் அதே லேசர் பல மடங்கு கூடுதலான எண்ணைக் காட்டும். அதனால் எந்த டேப்பர் லேசரின் அறிவிப்பைப் பார்த்தாலும், நடு மேட்டில் மொத்த ஒளியின் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் தேடுங்கள். சிமுலேஷனிலும் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மாதிரி சரியா என்று சோதிக்க அந்தக் குட்டி மேடுகளைவிட நல்ல இடம் கிடையாது.

இவ்வளவு எண்கள் தெரியாமல் இருக்கும்போது, 10 வாட்டில் எம்-ஸ்குவேர் 1.3 ஆகுமா 1.6 ஆகுமா என்று மாதிரி முன்கூட்டியே சொல்லும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதன் உண்மையான பலம் வேறு இடத்தில். ஆய்வகத்தில் வெப்பத்தை அணைக்க முடியாது. குறுகிய துடிப்புகளாக ஓட்டி ஓரளவு தவிர்க்கலாம், அவ்வளவுதான். ஆல்ஃபாவைத் தொடவே முடியாது. திரும்பி வரும் ஒளியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே வைத்திருக்க வழியில்லை. கணினியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. வெப்பத்தை அணைத்ததும் கற்றை நேரானால் வேலை தாங்கியிலும் பற்றவைப்பிலும். ஆல்ஃபாவை அணைத்ததும் நேரானால் படல வடிவமைப்பையும் டேப்பர் கோணத்தையும் பார்க்க வேண்டும். பின்னோட்ட ஒளியை அணைத்ததும் நேரானால் முகப்புப் பூச்சையும் பள்ளங்களையும்.

அணுக்களை லேசரால் குளிர்விக்கும் குளிரணு ஆய்வகங்களில் டேப்பர் சில்லைப் பெருக்கியாக வைத்திருப்பார்கள். ருபீடியத்துக்கு 780 நானோமீட்டர். சிறிய லேசரிலிருந்து இருபது முப்பது மில்லிவாட் விதை ஒளியைக் குறுகிய முனையில் செலுத்தினால் அகன்ற முனையில் ஒரு வாட், இரண்டு வாட் கிடைக்கும். அங்கே புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: விதை ஒளி உள்ளே போகாமல் மின்னோட்டத்தை முழுதாக ஏற்றாதே. முன்னோக்கிய ஒளியை மட்டும் பார்த்தால் இது புரியாது. விதை இல்லையென்றால் ஒளி குறைவாகத்தானே வர வேண்டும், எதற்குப் பயம் என்று தோன்றும். இரு திசை மாதிரியை விதையைப் பூச்சியமாக்கி ஓட்டினால் காரணம் திரையிலேயே தெரியும். ஜோடிகளைச் செலவழிக்க ஆளில்லாததால் அவை முக்கோணம் முழுக்கக் குவிந்துகிடக்கின்றன. தானாகப் பிறக்கும் சிறு ஒளி அவற்றைத் தின்று பெருகிப் பின்னோக்கியும் ஓடுகிறது. அதில் வரப்புக்குள் நுழையும் பங்கு சிறிதுதான், ஆனால் அது வெளியேற வேண்டிய வாயின் அகலம் மூன்று நான்கு மைக்ரான். 260 மைக்ரான் அகல முகப்பு சிரமமில்லாமல் தாங்கும் ஒளியில் ஒரு சிறு பங்கே அந்தப் பின்முகப்பைப் பொசுக்கப் போதும்.